கூறியது கூறல்

மார்ச் 9, திங்கட்கிழமை.

இன்றைய தவறு: தையற்காரம்மாவின் பிரதியில் ஒரே வாக்கியம் பதினோரு இடங்களில் வந்திருந்தது. முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற பத்தையும் எடுத்துவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. சின்னத் தவறு.

நாளை: காலை பதினோரு மணிக்கு அவர் இங்கே வருகிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாக்கியங்களை இருந்த இடங்களிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும்.

எழுதி முடித்தவள் ‘சின்ன’ என்ற சொல்லை இன்னொரு தடவை பார்த்தாள். தவறு சின்னதா பெரியதா என்று தீர்மானிக்க வேண்டியது தானா, அந்த அம்மாவா? சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்து, நோட்டை மூடினாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் புள்ளி. வைத்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று நாள் முழுவதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மாலை வகுப்பு முடிந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “பெரிய புள்ளி வந்தாச்சு, எல்லாரும் வழி விடுங்க” என்பார் அவர். வழியை மறித்துக்கொண்டு அங்கே யாரும் நிற்கமாட்டார்கள். அக்கா மட்டும் சமையலறையிலிருந்து சிரிப்பாள். அத்தான் வேடிக்கையாக எதுவும் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது பட்டியலில் பதினாறாவது. அந்தப் பட்டியலைப் பிறகு பார்ப்போம்.

மூன்று வருடமாகப் புள்ளி வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறாள். எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை. புத்தகம் போட நினைக்கிறவர்கள் யாரையாவது விசாரித்து அவளிடம் வருவார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, நீண்ட வாக்கியத்தின் சிக்கல் எல்லாம் எடுத்துக் கொடுப்பாள். வாரத்தில் நான்கு மாலை பதிப்பு வேலை கற்றுத்தரும் வகுப்புக்குப் போவாள். வகுப்பு ஆசிரியை முதல் நாளே சொன்னார்: தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், மேலே இன்றைய தவறு, கீழே நாளைய வேலை, நடுவில் மனத்தில் உள்ளது எதுவானாலும். மற்றவர்கள் பத்து நாளில் கைகழுவிவிட்டார்கள். புள்ளி மட்டும் ஆறாவது நோட்டுக்கு வந்திருந்தாள்.

ஏழாவதாக ஒரு நோட்டு உண்டு. அதன் அட்டையில் ‘விருப்பங்கள்’ என்று எழுதியிருக்கும். எழுதுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியருக்கு அரைப்புள்ளியைக் கண்டால் ஆகாது. அது முடிவெடுக்கத் தெரியாதவனின் குறி என்பார். பயணக் கட்டுரை எழுதும் பல் மருத்துவருக்கு ‘மிகவும்’ என்றால் உயிர். ஒரு பக்கத்தில் ஏழு இருந்தாலும் பிடுங்கக் கூடாது. நல்ல பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறதாம். புள்ளி யாரோடும் சண்டை போடமாட்டாள். சரியென்றும் தவறென்றும் திட்டமாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம் என்று நம்பினாள். தன் கருத்தைவிட மற்றவர் விருப்பம் பத்திரமானது என்றும் நம்பினாள். தன் கருத்தில் தவறு இருக்கலாம். விருப்பத்தில் என்ன தவறு இருக்க முடியும்?

தையற்காரம்மாவின் பக்கத்தில் இரண்டே குறிப்புகள், அவர் எதிரிலேயே எழுதியவை. ஒன்று, அவருடைய மருமகனை எங்குமே ‘அவர்’ என்று எழுதக் கூடாது. ‘அவன்’, ‘அடித்தான்’, ‘தள்ளினான்’தான். அச்சகக்காரர் மரியாதைப் பன்மை போடச் சொன்னாலும் கேட்கக் கூடாது. இரண்டு, அவருடைய மகள் இறந்த நாளை விவரிக்கும் இரண்டு பக்கங்களில் ஒரு சொல்லைக்கூட அழகாக்கக் கூடாது. மகளை மாடிப்படியில் தள்ளிக் கொன்றவன் தண்டனை பெற்று உள்ளே இருந்தான். அம்மா தன் தையற்கடையில் உட்கார்ந்து, அளவு எழுதும் நோட்டுகளிலேயே மகளின் கதையை எழுதியிருந்தார். அச்சில் அறுபத்து நான்கு பக்கம் வரும். தைத்த துணியை வாங்க வரும் பெண்களுக்குப் பையில் துணியோடு ஒரு புத்தகமும் போட்டுக் கொடுக்கப் போகிறார்.

இரண்டு விருப்பங்களையும் புள்ளி அட்சரம் பிசகாமல் பார்த்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டது குறிப்பில் இல்லாத இடத்தில்.

இனி பட்டியல். அத்தான் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் கேட்பதெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் துரும்பு. தேநீரை அவர் உட்கார்ந்த பிறகு ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றி வைக்கக் கூடாது. ஈரத் துண்டு நாற்காலியில் கிடக்கக் கூடாது. அவர் பேசி முடித்தவுடனே பதில் சொல்லக் கூடாது, கொஞ்சம் பொறுத்துச் சொல்ல வேண்டும். ரொம்பப் பொறுத்தாலும் தப்பு. அவர் வீட்டிலிருக்கும்போது படுக்கையறைக்குள் போய்த் தொலைபேசியில் பேசக் கூடாது. “நான் என்ன பெருசா கேட்டுட்டேன்?” என்பார், நிஜமாகவே புரியாதவர் மாதிரி. கேட்கிறவருக்கும் அப்படித்தான் தோன்றும்: என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்?

இந்த ஜனவரி கடைசியில் ஒரு நாள் அக்கா துணி மடித்துக்கொண்டே அழுதாள். “எது சரி எது தப்புன்னே புரியலடி. நேத்து சரியா இருந்தது இன்னிக்குத் தப்பா இருக்கு” என்றாள். புள்ளி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். விருப்ப நோட்டின் கடைசிப் பக்கங்களில் அத்தானுக்கு இடம் ஒதுக்கி, அக்கா சொல்லச் சொல்ல எண் போட்டு எழுதினாள். பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்து, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினாள். நான்கு பக்கம், நாற்பத்தொன்று. அக்கா அவள் கன்னத்தைத் தொட்டு, “படிச்சவ படிச்சவதான்” என்றாள். மூன்று வாரம் வீட்டில் சத்தமில்லை. பிப்ரவரி கடைசியில் அக்காவின் இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. அலமாரிக் கதவில் நசுங்கிவிட்டது என்றாள். ஒரு கால்புள்ளி சந்தேகமாக இருந்தாலே ஓரத்தில் கேள்விக்குறி வைக்கிற புள்ளி, அன்றைய பக்கத்தில் ‘அக்கா விரல், அலமாரிக் கதவு’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

அவளுக்கும் போக்கிடம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் இல்லை. அத்தான் வீட்டுச் சின்ன அறையும் சாப்பாட்டு மேசையும்தான் அவளுடைய வீடும் அலுவலகமும். வகுப்பு மூன்று நிறுத்தம் தள்ளி.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தையற்காரம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து பேருந்தில் அப்படியே வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் அளவு நோட்டுகள். சாப்பாட்டு மேசையில் கைக்கு எட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அத்தானின் நாற்காலி. புள்ளி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அத்தான் ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருவார், நேரம் இருந்தது.

“தப்பு என்னோடதுதாம்மா” என்று ஆரம்பித்தாள். இரவெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு. “ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தா படிக்கிறவங்களுக்கு அலுப்புத் தட்டும்னு எடுத்துட்டேன். இலக்கணத்துல அதுக்கு ஒரு பேரே இருக்கு. கூறியது கூறல்னு. குற்றம்னு சொல்லுவாங்க.”

“குற்றம்தாம்மா” என்றார் அவர். “அதைத்தானே எழுதியிருக்கேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவ பதினோரு தடவை என் வீட்டுக்கு வந்தா. பதினோரு தடவையும் இதையேதான் சொல்லி அனுப்பினேன். நீங்க ஒண்ணை வெச்சுட்டுப் பத்தை எடுத்துட்டீங்க. இப்பப் படிச்சா ஏதோ ஒரு தடவை வாய் தவறிச் சொன்ன மாதிரி இருக்கு. என்னை நல்லவளாக்கிட்டீங்க.”

வாக்கியம் இதுதான்: ‘கொஞ்சம் அனுசரித்துப் போ என்றேன்.’

“வேணும்னா, பதினோரு இடத்துலயும் வெச்சுக்கலாம்மா. ஆனா சொல்லை மட்டும் மாத்திப் பார்க்கலாமா?” புள்ளி பென்சிலை எடுத்தாள். “ஒரு இடத்துல ‘பொறுத்துக்கோ’ன்னு, இன்னொரு இடத்துல ‘விட்டுக்கொடுத்துப் போ’ன்னு…”

“மாத்திச் சொல்லலையே நான். அதே சொல்லுதான். புதுசா ஒரு வார்த்தை தேடக்கூட மெனக்கெடலை.”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

மடிக்கணினியைத் திறந்து புள்ளி வேலையைத் தொடங்கினாள். அம்மா நோட்டில் விரல் வைத்து இடம் காட்டுவார். இவள் அதே இடத்தில் வாக்கியத்தைச் சேர்ப்பாள். நகலெடுத்து ஒட்டியிருக்கலாம். ஏனோ ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாக அடித்தாள். நோட்டில் ஒரு பக்கம் மகளின் கதை, எதிர்ப் பக்கம் யாருடைய தோள் அளவோ, கை நீளமோ. இரண்டாவது தடவை மகள் வந்தது, எட்டு மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்று அவன் சொன்னதற்காக. மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“இந்த ஆறாவது பாருங்க” என்றார் அம்மா. “சட்டையில நாலாவது பட்டன் அரை விரல்கடை கீழே இருக்கணுமாம் அவனுக்கு. இவ தைச்சது சரியில்லைன்னு ரகளை. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எல்லாச் சட்டையையும் வாங்கிட்டு வரச் சொல்லி, நானே பிரிச்சுத் தைச்சுக் குடுத்தேன். பதினாலு சட்டை. கைவேலை சுத்தமா இருக்குன்னு அவன் சொல்லி அனுப்பினான். எனக்குப் பெருமை வேற.”

எதிர்ப் பக்கத்தில் அவனுடைய அளவு இருந்தது. கழுத்து, மார்பு, கை. சாதாரண அளவுதான்.

“விசாரணையப்போ ஒரு பெரிய மனுஷன் எங்கிட்டக் கேட்டார், ஊசி இடம் குடுக்காம நூல் நுழையுமான்னு. போயும் போயும் தையல்காரிகிட்டக் கேட்டார். நூல் முனையை எச்சில் தொட்டுக் கூராக்கி உள்ளே விட்டது யாருன்னு அவருக்குத் தெரியலை.”

அக்கா தேநீர் கொண்டுவந்தாள். வலது கையால் தட்டைப் பிடித்து, இடது கையின் கட்டுப்போட்ட விரல்களை அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தமிட்டன. அம்மா எழுந்து தட்டை வாங்கினார்.

“விரல்ல என்னம்மா?”

“கதவுல மாட்டிக்கிச்சு.”

“எந்தக் கதவு?”

அக்கா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இதுவரை யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. “அலமாரிக் கதவும்மா, சமையலறையில” என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்கு ஒரு மாத்திரை போட வேண்டியிருந்தது. “நீங்க உக்காருங்க, நானே தண்ணி எடுத்துக்கறேன்” என்று சமையலறைக்குப் போனார். டம்ளர் தேடி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவை மூடிப் பார்க்கும் சத்தம். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. ஒட்டுப்பலகையில் செய்த எடையில்லாத கதவு அது. எத்தனை வேகமாகச் சாத்தினாலும் திரும்ப ஒரு விரல் அகலம் திறந்துகொள்ளும். புள்ளிக்கு அது தெரியும். தினமும் திறந்து மூடுகிற கதவு.

அம்மா திரும்பி வந்து நின்றார். “உள்ளே ஒட்டியிருக்கே, அது யாரோட கையெழுத்து?”

“இவதாம்மா எழுதிக் குடுத்தா” என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. “ரொம்ப உதவியா இருக்கு. இல்லேன்னா நான் ஒண்ணு ஒண்ணா மறந்துடுவேன்.”

“உங்க விருப்ப நோட்டுல எனக்கு ஒரு பக்கம்கூட முழுசா வரலை” என்றார் அம்மா புள்ளியைப் பார்த்து. “அவருக்கு நாலு பக்கம்.”

அது கேலியா, குற்றச்சாட்டா என்று புள்ளிக்குப் பிடிபடவில்லை. காது மடல் சுட்டது. அம்மா மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பினார். “ஏழாவது” என்றார். அவ்வளவுதான். புத்திமதி சொல்லுவார் என்று காத்திருந்த அக்கா, அவர் சொல்லாததால் போகவும் முடியாமல் சுவரோரம் நின்றாள். ஏழு, எட்டு, ஒன்பது என்று வாக்கியங்கள் தம் இடத்துக்குத் திரும்பின. ஒவ்வொரு தடவை புள்ளி அடிக்கும்போதும் அக்காவின் உதடுகள் லேசாக அசைந்தன. பத்தாவது தடவை மகள் வந்து வாசலிலேயே நின்றாளாம். உள்ளே வந்தால் அம்மா என்ன சொல்லுவாள் என்று தெரிந்ததால், வாசலிலேயே கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அத்தான் வந்தார். இருபது நிமிடம் முன்னதாக.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அழகாகச் சிரித்தார். தையற்காரம்மா எழுந்தார். “உக்காருங்கம்மா, பரவாயில்ல. நம்ம பெரிய புள்ளியோட ஆளா? இவளுக்கு இப்போ ஆபீஸே இங்கதான்” என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். அது சிரிப்பதற்கான இடம்தானா என்று சந்தேகம் வந்து பாதியில் நிறுத்தினாள்.

“வேலை முடிஞ்சது. கிளம்பறேன்” என்று அம்மா நோட்டுகளைப் பையில் போட்டார். முடியவில்லை; பதினோராவது பாக்கி இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அக்காவிடம், “ஏதாவது தைக்கணும்னா கடைக்கு வாங்கம்மா. அளவு எடுக்க நேர்ல வரணும்” என்றார்.

“இவ வெளியே எங்கேயும் தைக்கக் குடுக்கறதில்லைங்க” என்றார் அத்தான்.

“தெரியும்” என்றார் அம்மா. “படிச்சேன்.”

கதவு மூடிக்கொண்டது. அத்தான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கிடங்கில் பெட்டிகளின் குளிரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

“சூடா இருக்கு” என்றார்.

“என்ன படிச்சாங்க அந்தம்மா?” அக்கா கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்ல வேண்டும், ரொம்பவும் பொறுக்கக் கூடாது. அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததைப் புள்ளி பார்த்தாள். “உள்ளே வா” என்றார் அத்தான் அக்காவிடம். “நான் என்ன பெருசா கேட்டுட்டேன்? வீட்டு விஷயத்தை வீட்டுல வெச்சுக்கன்னு கேட்டேன்.” படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

புள்ளி எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டலாம். தட்டி என்ன சொல்வது? தான் நினைப்பது தவறாக இருந்தால்? உள்ளே அத்தானின் குரல், வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி. பதினோராவது இடம் நாற்பத்தெட்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. அவள் அந்த இடத்துக்குப் போனாள். ‘கொஞ்சம்’ என்று அடித்தாள். உள்ளே ஏதோ கட்டிலில் இடித்தது. ‘அனுசரித்துப்’ என்று அடித்தாள். “இல்லீங்க” என்றாள் அக்கா உள்ளே, தெளிவாக, கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்வது போல. பிறகு சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. புள்ளி ‘போ என்றேன்’ என்று அடித்து, முற்றுப்புள்ளி வைத்து, கோப்பைச் சேமித்தாள். ப் என்ற எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்றும் பார்த்தாள். பார்த்தது அவளுக்கே தெரிந்தது.

அத்தான் வெளியே வந்து சாப்பிட்டார். நிதானமாகத்தான் சாப்பிட்டார். கிளம்பும்போது, “இனிமே ஆளுங்களை வெளியிலேயே பார்த்துக்க. சரியா? நான் ஒண்ணும் பெருசா கேட்கலை” என்றார். அவள் தலையாட்டினாள். தலை தானாகவே ஆடியது.

ஒன்றரைக்கு அவர் போனதும் புள்ளி படுக்கையறைக்குள் ஓடினாள். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம். எந்திரி.”

“இன்னிக்கு வேண்டாம். சாயங்காலம் அவர் வர்றப்ப நான் வீட்டுல இருக்கணும். நாளைக்குக் காலையில போகச் சொல்லியிருக்கார்.”

“சொல்லியிருக்காரா?”

“ஆமா. அவரே சொன்னார். குளியலறையில வழுக்கிடுச்சுன்னு சொல்லணும். நான் பேசிக்கறேன். நீ கூட வா, ஆனா வாயைத் திறக்கக் கூடாது.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்புறம், ஒண்ணு எழுதணும்டி. எனக்கு இப்ப ரெண்டு கையும் ஆகாது. நாற்பத்திரெண்டு. வெளியாளுங்க யாரும் அவர் நாற்காலியில உக்காரக் கூடாது.”

“எழுத மாட்டேன்.”

“எழுதுடி. மறந்துடுவேன்.”

“எழுத மாட்டேன்க்கா. வா, போயிடலாம். இப்பவே.”

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கணக்கு வராத குழந்தையைப் பார்க்கிற பார்வை. “எங்கே?” என்றாள். “எங்கேன்னு சொல்லு, வர்றேன். நான் உங்கிட்ட எத்தனை தடவை கேட்டிருக்கேன், என்னடி பண்ணட்டும்னு. நீதானே சொன்ன, கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கான்னு. நல்லாத்தானே சொன்ன. பட்டியல்கூடப் போட்டுக் குடுத்த. இப்ப நான் பழகிட்டேன். பழகினப்புறம் வந்து போலாம்னா எப்படி?”

“எத்தனை தடவை சொன்னேன்?”

“யாருடி எண்ணினா?”

அன்று மாலை புள்ளி வகுப்புக்குப் போகவில்லை. அத்தான் வந்தார், உட்கார்ந்தார்; உட்கார்ந்த பிறகு தேநீரை ஊற்றியவள் புள்ளி, அக்காவால் முடியாததால். சோற்றைச் சிறு கிண்ணத்தில் போட்டு அக்காவுக்குக் கரண்டியால் ஊட்டியவரோ அத்தான். “பார்த்து நடக்கறதில்லை” என்று அன்பாகக் கடிந்துகொண்டார். அக்கா வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். புள்ளியால் பார்க்க முடியவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆறு நோட்டுகளையும் தரையில் பரப்பினாள். பிரதியில் ஒரு சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று தேடுவதுதான் அவளுடைய தொழில். முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து பென்சில் முனையால் வரி வரியாக வந்தாள். முதல் வருடம் ஜூலையில் ஒன்று: ‘அக்கா அழுதாள். கொஞ்சம் அனுசரித்துப் போ என்றேன். வகுப்புக்குப் போனேன்.’ நவம்பரில் ஒன்று. அடுத்த நோட்டில் மூன்று. ஒரு நாள் பல் மருத்துவரின் கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் ‘அக்காவிடம் வழக்கம் போல்’ என்று மட்டும் எழுதியிருந்தாள், அதையும் சேர்த்தாள். மொத்தம் ஒன்பது. ஒன்பதில் ஏழு இடங்களில், அடுத்த வாக்கியம் வகுப்புக்குப் போனேன், அல்லது வேலையை முடித்தேன். எந்த இடத்திலும் ஓரத்தில் கேள்விக்குறி இல்லை.

எழுதாமல் விட்டவை எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. யார் எண்ணினா என்று அக்கா கேட்டதும் சரிதான்.

அக்காவின் விருப்பம் தெளிவாக இருந்தது: கூட வர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இதுவரை யாருடைய விருப்பத்தையும் புள்ளி மீறியதில்லை. தான் உண்மையைச் சொன்னால் அக்கா மறுப்பாள். மறுத்துவிட்டு இனி தன்னோடு பேசாமலும் போவாள். இந்த அறையும் போகும். மருத்துவர் நம்பாமலும் போகலாம். நம்பி, அத்தானைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, இருவரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினால்? அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசிக்க அவள் பயந்தாள். வெளியே அத்தான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

நோட்டில் புதிய பக்கம் திருப்பினாள்.

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை.

இன்றைய தவறு:

பென்சில் அந்த இடத்தில் நெடுநேரம் நின்றது. ஒரு நாளுக்குரியது எது, மற்ற நாட்களுக்குரியது எது என்று பிரிக்க வரவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டுக் கீழே போனாள்.

நாளை: காலை எட்டேகால் மணிக்கு அக்காவை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். எப்படி ஆனது என்று அவர் கேட்பார். அக்கா பதில் சொல்லும் முன் நான் சொல்ல வேண்டும்.